இங்கேருந்து இங்கே வரைக்கும்

“இடது பக்கம் ஒடி… இன்னும் ஒடி… வரட்டும், வரட்டும், வரட்டும்… ஓல்டான்!”

முன்னால் பிடித்திருந்தவன் நின்றான். பின்னால் பிடித்திருந்தவன் நிற்கவில்லை. ஸ்ட்ரெச்சரின் இரும்புக் கைப்பிடி படுக்கையறைக் கதவை நோக்கி நகர்ந்தது.

“கண்ணாடி! பாத்துப்பா, கண்ணாடி!”

கைப்பிடி கண்ணாடிக்கு ஒரு விரல் தள்ளி நின்றது. வழி சொல்லிக்கொண்டிருந்தவர் பக்கவாட்டில் புகுந்து, கதவைச் சுவர் வரைக்கும் தள்ளி, முதுகால் அணைத்துப் பிடித்துக்கொண்டார். வெள்ளைத் துணி போர்த்திய மனைவி அவர் மூக்குக்கு நேரே கடந்து உள்ளே போனாள்.

வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர். முட்டுச்சந்தில் பஸ்ஸைத் திருப்புவது எப்படி என்று அவருக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். செத்துப்போன மனைவியை வீட்டுக்குள் கொண்டுவருவது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை, அதனால் தெரிந்ததைச் செய்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் அவரை யாரோ எடுபிடி வேலை பார்க்க வந்தவர் என்று நினைத்திருக்க வேண்டும். கிளம்பும்போது, “வீட்டுக்காரர் எங்கங்க, ஒரு கையெழுத்து வேணும்” என்று அவரிடமே கேட்டார்கள்.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொல்வார்கள். அவருக்கு இரண்டும் ஓடிக்கொண்டே இருந்தன. கூடத்தில் நாற்காலிகளைப் போட்டார். போட்ட நாற்காலிகளை எடுத்து வேறு மாதிரி போட்டார். மின்விசிறியை வேகமாக்கினார், பிறகு அவளுக்குக் குளிரும் என்று குறைத்தார், குறைத்த பிறகு கையை சுவிட்சிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். டிப்போவில் அவருக்கு ‘அவசரம்’ என்றுதான் பெயர். அவசரம் ஓட்டுகிற பஸ்ஸில் ஏறினால் ஒரு கால் உள்ளே இருக்கும்போதே இன்னொரு கால் அடுத்த நிறுத்தத்தில் இருக்கும் என்று கேலி பேசுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் உட்காரத் தெரியாத மனுஷன். இன்று காலை ஆஸ்பத்திரியில் அவள் மூச்சு நின்றபோதுகூட அவர் வராந்தாவில் நடந்துகொண்டுதான் இருந்தார். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குத் திரும்பி வருவதற்குள் நர்ஸ் திரையை இழுத்து மூடிவிட்டாள்.

“தம்பி, கொஞ்சம் ஒரு எடத்துல உக்காருங்க. பாக்கறவங்களுக்குத் தலை சுத்துது” என்றாள் மனைவியின் அக்கா.

“உக்காந்துட்டேன், அக்கா” என்றார் நின்றுகொண்டே.

மகள் வெந்நீர் வாளியைத் தூக்கிக்கொண்டு அவரைக் கடந்து போனாள். அம்மாவைக் குளிப்பாட்டி உடை மாற்ற வேண்டும். சாயங்காலம் வண்டி வரும். அதற்குள் வருகிறவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். எல்லாம் மகளே முடிவு செய்திருந்தாள். படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தியவள், கதவில் இருந்த நீளக் கண்ணாடியை உள்பக்கத்திலிருந்து ஒரு துண்டால் மறைத்தாள்.

அந்தத் துண்டைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செத்த வீட்டில் சிரிக்கக் கூடாதே என்று சமையலறைக்குள் போய்விட்டார்.

அந்த வீட்டில் குளியலறையைத் தவிர எல்லாக் கதவிலும் கண்ணாடி உண்டு. பல வருஷங்களுக்கு முன்னால் ஏதோ ஒரு கூட்டத்தில் அவளை ஒருத்தர் மடக்கியிருக்கிறார். ‘பள்ளிக்கூடத்துக் கதவுல எல்லாம் கண்ணாடி வைக்கச் சொல்றீங்களே டீச்சர், உங்க வீட்டுக் கதவுல இருக்கா?’ அந்த வாரமே தச்சரைக் கூட்டிவந்துவிட்டாள். நல்ல பலகைக் கதவுகள். அவர் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக அறுத்துக் கண்ணாடி பொருத்தினார்கள்.

“இது வீடா, பஸ்ஸா? டிக்கெட்டும் அடிச்சுட்டா ஜோரா இருக்கும்” என்றார் அவர்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. தச்சரிடம் ஒரு கையை நெற்றிக்கு நேரே வைத்து, இன்னொரு கையை முழங்காலுக்கு நேரே வைத்துக் காட்டினாள். “இங்கேருந்து இங்கே வரைக்கும். நின்னுட்டிருக்கிற பெரியவங்க மூஞ்சியும் தெரியணும், தரையில உக்காந்திருக்கிற குழந்தையும் தெரியணும்.”

மகளுக்கு அப்போது வயசுக்கு வந்த புதுசு. வீடே ரெண்டுபட்டது. கண்ணாடியில் துண்டைத் தொங்கவிடுவாள், அம்மா எடுப்பாள், மறுபடி தொங்கவிடுவாள். கடைசியில் சமாதானம் ஆனது. அறையில் நீ தனியாக இருந்தால் மூடிக்கொள். ரெண்டு பேர் இருந்தால் துண்டை எடுத்துவிட வேண்டும், அது யாராக இருந்தாலும். அப்பாவாக இருந்தாலும் சரி, மாமாவாக இருந்தாலும் சரி, பாடம் சொல்லித்தர வருகிறவராக இருந்தாலும் சரி. ‘அப்பாவாக இருந்தாலும்’ என்று மனைவி சொன்னபோது அவருக்குச் சுருக்கென்றது. ரெண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வழக்கம்போல அவளைக் கூட்டத்துக்குக் காரில் கொண்டுபோய் விட்டார்.

விடுவதோடு சரி. உள்ளே போனதே இல்லை. ‘நான் வண்டியைப் பாத்துக்கறேன், நீ போய்ப் பாடம் எடுத்துட்டு வா டீச்சர்’ என்பார். அந்தப் பழைய வண்டியை யாரும் தூக்கிக்கொண்டு போகப் போவதில்லை என்று இருவருக்கும் தெரியும்.

சட்டைப்பையில் போன் அடித்தது. வக்கீல். டீச்சரோடு கூட்டத்துக்கெல்லாம் ஓடிக்கொண்டிருந்த சின்ன வயசுப் பெண்.

“சார், வந்து நிக்க வேண்டிய நேரத்துல இதைக் கேக்கறேன், என்னைத் திட்டாதீங்க.” அழுது அழுது அவள் குரல் கட்டிப்போயிருந்தது. “இன்னிக்கு மத்தியானம் பள்ளிக்கூட விதிகளுக்கான கமிட்டி உக்காருது. டீச்சருக்குப் பேச நேரம் கொடுத்திருந்தாங்க. ஆள் வரலைன்னா வரைவை அப்படியே ஓட்டுக்கு விட்டுடுவாங்க. அந்த ரெண்டு வார்த்தையோட.”

“நீ பேசேம்மா.”

“என் நேரத்தைப் போன கூட்டத்துலயே பேசித் தீத்துட்டேன் சார். டீச்சரால வர முடியலன்னு மட்டும்தான் தலைவர்கிட்ட சொன்னேன், அவங்க எடத்துல வீட்டு ஆள் யாராவது வந்தா ஒத்துக்கறோம்ங்கறார். சொல்லிட்டேன். அப்புறம் உங்க இஷ்டம்.”

அந்த ரெண்டு வார்த்தை எதுவென்று அவருக்குத் தெரியும். நேற்று சாயங்காலம்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் ஆக்ஸிஜன் முகமூடியைக் கையால் விலக்கிவிட்டு, “அதுல ‘இயன்ற வரை’ன்னு போட்டிருக்காங்க” என்றாள்.

“எதுல?”

“விதியில. குழந்தையோட பெரியவங்க தனியா இருக்கிற அறைக் கதவுல இயன்ற வரை கண்ணாடி வைக்கணுமாம். அந்த ரெண்டு வார்த்தைக்குள்ள ஒரு யானையே நுழைஞ்சு போயிடும். எடுக்கச் சொல்லுங்க.”

“சரி சரி. முகமூடியைப் போடு.”

“சொல்லுவீங்களா?”

“என்னால முடிஞ்ச வரைக்கும் சொல்றேன், போதுமா?”

அவள் சிரித்தாள். மூச்சு வாங்க, இருமலோடு, நிஜமாகவே சிரித்தாள். விரலை நீட்டி அவரைச் சுட்டினாள். “அதேதான். அவங்களும் அதையேதான் சொல்றாங்க.” பிறகு முகமூடியைத் தானே போட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் பேசவில்லை.

அவர் சமையலறையை விட்டு வெளியே வந்தார். உள்ளே போய்ப் புதுச் சட்டை எடுக்கலாம் என்றால் அலமாரி படுக்கையறையில் இருந்தது. கதவைத் தட்டினார். மகள் துண்டை ஓரமாக விலக்கிப் பார்த்துவிட்டுக் கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். கைகள் முழங்கை வரை ஈரம்.

“என்னப்பா?”

“ஒரு சட்டை எடுத்துக் கொடு. கமிட்டிக்குப் போயிட்டு வந்துடறேன்.”

“எங்க?”

“அம்மாவுக்கு இன்னிக்கு நேரம் கொடுத்திருக்காங்க. போகலைன்னா…”

“அப்பா.” அவள் குரலை உயர்த்தவில்லை. “அம்மா உயிரோட இருந்தப்ப ஒரு நாள் உள்ள போயிருக்கீங்களா? ஒரே ஒரு நாள்?”

அவர் போட்டிருந்த சட்டையின் கசங்கிய நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“அம்மா பக்கத்துல உக்காருங்கப்பா. இன்னிக்காவது உக்காருங்க.”

கூடத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. “பொணத்தை வீட்டுல போட்டுட்டு மீட்டிங்கா? ஊர் சிரிக்கும் தம்பி. அவதான் பைத்தியமா அலைஞ்சா, உங்களுக்கும் புடிச்சுடுச்சா?”

மகள் கதவைச் சாத்தினாள். துண்டு பழையபடி கண்ணாடியை மூடியது. அவர் கொஞ்ச நேரம் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது உட்கார்ந்தால் சாயங்காலம் வண்டி வரும்வரை உட்கார்ந்திருக்கலாம். அது நல்ல காரியம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நீட்டிய விரல் இருக்கிறதே, அது அவரை உட்காரவிடவில்லை. கதவு மறுபடி திறந்து ஒரு கை வெளியே வந்தது. அதில் தேய்த்து மடித்த சட்டை இருந்தது. முகம் வரவில்லை.

வக்கீலின் காரில் முன்சீட்டில் உட்கார்ந்து போனார். பஸ்ஸில் தலைக்கு மேலே ஒரு நீளக் கண்ணாடி இருக்கும். பின்னால் யார் ஏறுகிறார்கள், யார் தூங்குகிறார்கள் என்று அதில்தான் பார்ப்பார். அந்தப் பழக்கத்தில் அடிக்கடி தலையைத் தூக்கி மேலே பார்த்தார். அங்கே காரின் கூரைதான் இருந்தது.

“சார், டீச்சர் என்ன பேசுவாங்கன்னு உங்களுக்குத் தெரியும் இல்ல? வீட்டுல பேசிப் பாத்திருப்பாங்களே.”

“பாத்திருக்கா.”

“அதையே சொன்னாப் போதும்.”

அவர் தலையை ஆட்டினார். அவள் பேசிப் பார்த்தது நிஜம். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அலமாரியைக் கமிட்டியாக நினைத்துக்கொண்டு, திரும்பத் திரும்பப் பேசிப் பார்ப்பாள். அவர் சமையலறையில் காபி போட்டுக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். வாய் அசையும், கை அசையும், ஒரு வார்த்தை கேட்காது. தச்சர் நல்ல தடிமனான கண்ணாடியாகத்தான் போட்டிருந்தார்.

இதெல்லாம் ஆரம்பித்த கதை மட்டும் அவருக்குத் தெரியும். அது அவள் வகுப்பில் இருந்த ஒரு பெண் குழந்தை. பாட்டு வாத்தியார் அறைக்குப் போக வேண்டிய நாளிலெல்லாம் வயிறு வலிக்கிறது என்றிருக்கிறது. டீச்சர் மாத்திரை கொடுத்து, தட்டிக்கொடுத்து, ‘போயிட்டு வா கண்ணு’ என்று அனுப்பியிருக்கிறாள். நடைபாதைக் கடைசியில் கனமான மரக்கதவு போட்ட அறை. சத்தம் வெளியே வரக் கூடாது என்று பாட்டுக்காகவே போட்ட கதவு. விஷயம் வெளியே வந்தபோது வருஷம் முடிந்திருந்தது. பள்ளிக்கூடம் அந்த ஆளை ஓசைப்படாமல் அனுப்பிவிட்டது. அவன் வேறொரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்து பாட்டுச் சொல்லிக்கொடுத்தான். அன்று வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. ‘புடிச்சு உள்ள போடணும் அந்த ராஸ்கலை’ என்று அவர் குதித்தார். அவள், ‘போடணும்தான். ஆனா அதெல்லாம் பிறகு. பிறகுங்கறது அந்தக் குழந்தைக்கு எதுக்குங்க?’ என்றாள். முன்னாலேயே தடுக்க என்ன வழி என்று தேட ஆரம்பித்தவள், கதவில் வந்து நின்றாள். அங்கிருந்து நகரவே இல்லை.

கமிட்டி அறைக் கதவும் நல்ல தேக்குக் கதவு. உள்ளே யார் பேசுகிறார்கள், முடித்துவிட்டார்களா, ஒன்றும் தெரியவில்லை. அவர் அவசரம் அல்லவா, தள்ளினார். கதவுக்குப் பின்னால் தட்டில் தண்ணீர் டம்ளர்களோடு வந்துகொண்டிருந்த சிப்பந்தியின் மேல் கதவு மோதி, டம்ளர்கள் உருண்டு, தண்ணீர் யார் காலுக்கோ ஓடியது. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குனிந்து டம்ளர்களைப் பொறுக்க ஆரம்பித்தார். வக்கீல் அவர் கையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

மைக்கின் முன்னால் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். தனியார் பள்ளிக்கூடங்கள் பல வைத்திருப்பவர் என்று வக்கீல் காதில் சொன்னாள். பார்க்க நல்ல மனிதராகத்தான் இருந்தார், அமைதியாகப் பேசினார்.

“குழந்தைங்க பாதுகாப்பு எனக்கும் முக்கியம்தான். எனக்கும் பேத்தி இருக்கா. நான் கேக்கறது ஒரு எளிமையான கேள்வி. கண்ணாடி வழியா ஒரு ஆள் போற போக்குல பாத்தா என்ன தெரியும்? உள்ள பேசறது கேக்குமா? ஒரு குழந்தை உதவின்னு கூப்பிட்டா கேக்குமா? கேக்காது. அப்புறம் எதுக்கு இவ்வளவு இடிச்சு உடைக்கறது? முடிஞ்ச எடத்துல வைக்கறோம். அதுக்குத்தான் ‘இயன்ற வரை’ன்னு இருக்கு. அது இருக்கட்டும்.”

பலர் தலையாட்டினார்கள். அவருக்கே அது நியாயமாகத்தான் பட்டது. அப்படிப் பட்டது அவருக்குப் பிடிக்கவில்லை.

தலைவர் பட்டியலைப் பார்த்து, “அடுத்தது நம்ம கண்ணாடி டீச்சர்” என்று சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார். வக்கீல் எழுந்து போய் அவரிடம் குனிந்து சொன்னாள். தலைவரின் முகம் மாறியது. பக்கத்தில் இருந்தவரிடம் அவர் சொல்ல, அவர் அடுத்தவரிடம் சொல்ல, மேஜை முழுக்க அது போய்ச் சேர்ந்தது. பள்ளிக்கூடக்காரர் உட்காரப் போனவர் உட்காராமல் நின்றார்.

“ரொம்ப வருத்தமா இருக்குங்க” என்றார் தலைவர். “நீங்க இந்த நேரத்துல வந்ததே பெரிசு. இதை இன்னொரு நாள் வெச்சுக்கலாமே.”

“இன்னொரு நாள் வேணாங்க. அவளுக்கு இன்னிக்குத்தான் கொடுத்தீங்க.”

மைக் அவர் உயரத்துக்கு இல்லை. வளைத்தார், கிறீச்சிட்டது. மேஜைக்குப் பின்னால் இருந்தவர்கள் காத்திருந்தார்கள். அவள் எப்படி ஆரம்பிப்பாள் என்று யோசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவாள். அது ஞாபகம் இருந்தது. கழற்றிவிட்டு வாயைத் திறப்பாள். அப்புறம் என்ன வரும்? அவருக்குத் தெரியவில்லை. வலது கை தானாக எழுந்து நெற்றிக்கு வந்தது. இடது கை முழங்காலுக்குப் போனது. மேஜையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“எனக்கு அவ பேசறது தெரியாதுங்க” என்றார் கடைசியில்.

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டாள்.

“தெரியும்னு சொல்லித்தான் வந்தேன். தெரியாது. அவ அறைக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு பேசிப் பாப்பா. நான் வெளியில அடுப்படியில நிப்பேன். எங்க வீட்டுக் கதவுல எல்லாம் கண்ணாடி. எத்தனையோ வருஷம் பாத்தேன். ஒரு வார்த்தை கேட்டதில்ல. கேக்கணும்னு தோணினதும் இல்ல. டீச்சருக்கு வேற வேலை இல்லன்னு நினைச்சுப்பேன்.”

யாரோ லேசாகச் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

“சார் கேட்டாரே, கண்ணாடி வழியா என்ன தெரியும்னு. சத்தம் கேக்காதுன்னாரே. வாஸ்தவம். கேக்காது. ஆனா எனக்கு எல்லாம் தெரியும். எந்த எடத்துல அவளுக்கு அழுகை வருதுன்னு தெரியும். எந்த எடத்துல கோவம் வருதுன்னு தெரியும். கையை இப்படி வெச்சான்னா முடிக்கப் போறா, காபியை எறக்கலாம்னு தெரியும்.” அவர் நிறுத்தினார். சட்டையின் மேல் பொத்தானைத் திருகினார். “ஒரு நாள் பேசிட்டே இருந்தவ சும்மா நின்னுட்டா. விழல. கத்தல. சும்மா நின்னா, அவ்வளவுதான். எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. போய்க் கதவைத் தொறந்தேன். நெஞ்சைப் புடிச்சுட்டு இருந்தா. அது முதல் தடவை. அன்னிக்குப் பொழைச்சுக்கிட்டா. நேரத்துக்கு வந்தீங்கன்னு டாக்டர் சொன்னார். அது மரக்கதவா இருந்திருந்தா நான் காபியை ஆத்திட்டேதான் இருந்திருப்பேன், சார். சத்தம் வரட்டும்னு இருந்திருப்பேன். சத்தமே வரலியே.”

நேரம் முடிந்ததும் அடிக்க மணியின் மேல் வைத்திருந்த விரலைத் தலைவர் எடுத்துக்கொண்டார்.

“பெரிய மனுஷி அவ. பேச்சே அவளுக்குத் தொழில். அவளுக்கே அன்னிக்குச் சத்தம் வரல. கொழந்தைக்கு எங்கேருந்துங்க வரும்?” பள்ளிக்கூடக்காரரைப் பார்த்துத்தான் கேட்டார், ஆனால் சண்டைக்குக் கேட்கவில்லை. “அப்புறம் அந்த ரெண்டு வார்த்தை. நேத்து அவ ஒண்ணு கேட்டா. நானும் அதைத்தான் சொன்னேன். முடிஞ்ச வரைக்கும்னேன். சொல்றப்பவே எனக்குத் தெரியும், நான் செய்யப் போறதில்லன்னு. அந்த வார்த்தையைச் சொல்றவன் செய்ய மாட்டான். அது எனக்குத் தெரியும். அதனால…”

அதனால் என்னவென்று அவரால் சொல்ல முடியவில்லை. உதடு கோணிக்கொண்டு போனது. மைக்கை நிமிர்த்தி முதலில் இருந்தபடியே வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கதவைப் பார்த்து நடந்தார். இந்த முறை மெதுவாகத் திறந்தார். பின்னால் வந்த வக்கீலை, “நீ இரும்மா, ஓட்டு முடிஞ்சதும் சொல்லு” என்று திருப்பி அனுப்பிவிட்டு, தெருவுக்கு வந்து ஒரு ஆட்டோவை நிறுத்தினார்.

வீட்டில் கூட்டம் சேர்ந்திருந்தது. அவரைக் கண்டதும் பேச்சு நின்றது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படுக்கையறைக் கதவு இன்னும் சாத்தித்தான் இருந்தது, துண்டும் தொங்கியது. உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் இல்லை. மகளும் உதவிக்கு வந்த அக்கம்பக்கத்துப் பெண்களும் உடை மாற்றுகிறார்கள் போலிருக்கிறது. கதவைத் தட்டலாமா என்று கையைத் தூக்கினார், பிறகு கீழே போட்டார். வந்தவர்களுக்குக் காபி கொடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சமையலறைக்குப் போய்ப் பெரிய பாத்திரத்தில் பாலை ஊற்றி அடுப்பில் வைத்தார். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

அடுப்பிலிருந்து பார்த்தால் நேரே அந்தக் கதவு.

கதவு திறந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வாளியும் நனைந்த துணிகளுமாக ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். “பொண்ணு கொஞ்ச நேரம் அம்மாகூட இருக்கணுமாம்” என்று கடைசியாக வந்தவள் கூடத்தில் சொன்னாள். கதவு மறுபடி சாத்திக்கொண்டது. போனைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. ஓட்டுக்கு இவ்வளவு நேரமா? தோற்றிருந்தால் அந்தப் பெண் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருப்பாள். பாலைக் கிண்டினார். கிண்ட வேண்டிய அவசியமே இல்லை.

நிமிர்ந்தபோது கண்ணாடியில் துண்டு இல்லை.

மகள் அதை எடுத்து மடித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு கட்டிலின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நீல உடையில், தலை வாரி, அவள் அம்மா படுத்திருந்தாள். கைகள் இரண்டும் வயிற்றின் மேல் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. அந்தக் கண்ணாடி வழியாக அவர் அந்தக் கைகளைச் சும்மா இருக்கப் பார்த்ததே இல்லை. ஒரே ஒரு தடவையைத் தவிர.

போன் அடித்தது.

“சார்.” பின்னால் ஒரே இரைச்சல். “எடுத்துட்டாங்க சார். ரெண்டு வார்த்தையையும் எடுத்தாச்சு. உயரமும் டீச்சர் சொன்ன உயரம்தான். அந்தப் பள்ளிக்கூடக்காரர் எதிர்த்துக் கை தூக்கல சார், சும்மா உக்காந்திருந்தார்.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “பழைய கட்டடத்துக்கெல்லாம் மட்டும் அடுத்த கூட்டத்துல பேசணுமாம். இழுக்கப் பாப்பாங்க.”

“எப்ப கூட்டம்?”

“இன்னும் சொல்லல.”

“சொன்னதும் எனக்குச் சொல்லு. நான் வரேன்.”

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். மகள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாள் என்று தெரியவில்லை. இருவருக்கும் நடுவில் கண்ணாடி இருந்தது. நேரே போய்க் கதவைத் திறந்து சொல்லலாம். கூடம் நிறைய ஆட்கள், அக்கா இருக்கிறாள், குரல் அவர் பேச்சைக் கேட்குமா என்பதும் சந்தேகம்தான்.

வலது கையைத் தூக்கி நெற்றிக்கு நேரே வைத்தார். இடது கையைத் தாழ்த்தி முழங்காலுக்கு நேரே வைத்தார். அப்படியே நின்றார்.

மகள் அந்தக் கைகளை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு திரும்பிக் குனிந்து, அம்மாவின் காதருகே வாயைக் கொண்டுபோனாள். அவள் உதடுகள் அசைவது தெரிந்தது. இந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை.

பால் பொங்கி மேலே வந்தது. அவர் அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடிக்கு நேரே உட்கார்ந்தார்.